கழுவி உணக்கிய சாக்கு

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். அணைக்கட்டு ரோடு.

பேய்க் கதைக்கு மத்தியானமா என்று முகம் சுளிக்க வேண்டாம். ராத்திரியில் வருவதை விளக்கைப் போட்டுத் துரத்திவிடலாம். வெயிலில் வருவதை எதைப் போட்டுத் துரத்துவது? அந்தத் தாம்பூலப் பைகளை ஓரமாக நகர்த்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. எப்படியும் யாரும் தூங்கப் போவதில்லை.

நம் இந்துவைத் தெரியுமல்லவா, எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம் வடகரப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய நாத்தனார் சித்ராவுக்கு நடந்தது இது. சித்ரா இருப்பது வேறொரு பஞ்சாயத்து. அணைக்கட்டுப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம்.

அந்த ரோட்டில் ஒரு பக்கம் அணைத் தண்ணீர். மறு பக்கம் கருவேலமும் ஒற்றைப் பனைகளும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பெட்டிக்கடை கிடையாது. பஸ் கிடையாது. மத்தியான வெயிலில் தார் இளகும் வாசனையும், தண்ணீரில் நீர்க்காகம் முங்கும் சத்தமும்தான். க்ளுக்... அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

போன ஆகஸ்ட் மாதம், பன்னிரண்டாம் தேதி. சித்ரா அந்த ரோட்டில் தனியாக வந்துகொண்டிருந்தாள். பச்சைக் கோட்டு. தலையில் துண்டு. தோளில் ஓர் உரச் சாக்கு. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. மீன் வாடை, பாசி வாடை, அதோடு சலவைத்தூள் வாடை...

வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்கும் பெண்கள் இருக்கிறார்களே, அந்த வேலை அவளுக்கு. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். பால் கவர், எண்ணெய்க் கவர், பாட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கதவில் ஒட்டியிருக்கும் சதுரக் கோட்டுப் படத்தைப் போனில் காட்டினால் அந்த வீட்டுக் குப்பை எடுத்தாயிற்று என்று பதிவாகும். அதற்கு ஒரே ஒரு சட்டம். கழுவி, உணக்கித் தர வேண்டும். அழுக்கோ ஈரமோ இருந்தால் எடுக்கக் கூடாது.

அணை மேட்டில் இருபது வீடுகள். எல்லாம் பரிசலில் போய் மீன் பிடிக்கிறவர்கள். அணையில் வலை போட்டு, கட்லாவும் ஜிலேபியும் பிடித்து, மீன் சங்கத்தில் கொடுத்துப் பிழைக்கிறவர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிழிந்துபோன நரம்பு வலையை எரிக்க மாட்டார்கள். சோறு போட்ட வலையைத் தீயில் வைத்தால் அடுத்த வலையில் மீன் ஏறாது என்பது நம்பிக்கை. அதனால் கல்லைக் கட்டி அணைக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். அப்பன் காலத்தில் நூல் வலை. தண்ணீருக்குள் மக்கிப் போனது. இப்போது நைலான். அது மக்காது. அடியில் நின்றுகொண்டு மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் வராத மீன். அழுகும். அந்த வாடைக்கு அடுத்த மீன் வரும்.

இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? சித்ராதான்.

ஏப்ரல் மாதம் சங்கக் கட்டிடத்தில் ஒரு கிளாஸ் வைத்தார்கள். மலையாளத்தில் அச்சடித்த தாளைப் பார்த்து சித்ரா தமிழில் படித்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் டீக்கும் வடைக்கும் வந்தவர்கள். ஒரே ஒருத்தி மட்டும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து கேட்டாள். பழனாத்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், பரிசல் தள்ளிக் காய்த்த கை.

"அப்பக் கிழிஞ்ச வலைய என்னதான் பண்றதுங் அம்மிணி? நெருப்புலயும் வெக்கக் கூடாது, தண்ணியிலயும் உடக் கூடாதுன்னா?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்ரா சொல்லிவிட்டாள்.

"எங்ககிட்டக் குடுங்க. நாங்க எடுத்துக்கறமுங்க."

அந்த ஒரு சொல்லை பழனாத்தாள் பிடித்துக்கொண்டாள். இருபது வீட்டுக் கிழிசலையும் கேட்டு வாங்கிச் சேர்த்தாள். கல் கட்டப் போனவர்களின் கையிலிருந்து பிடுங்கினாள். ஊரே சிரித்தது. அவள் புருஷன் வேல்முருகன் சித்ராவிடமே சொன்னான்.

"என்ற ஊட்டுக்காரிய உங்க கோஷ்டியிலயே சேத்திக்கோங்க. ஒரு பச்சைக் கோட்டு குடுத்தீங்கன்னா அதுலயே படுத்துத் தூங்குவா."

"இவரு போன வருசம் மூணு வலைய உட்டாருங் அம்மிணி, அந்தப் பனங்குத்திகிட்ட. அதையும் ஒரு நா எடுத்துப்போடுவேன், பாத்துட்டே இருங்க" என்றாள் பழனாத்தாள்.

அணை கட்டுவதற்கு முன் அங்கே பனந்தோப்பு இருந்ததாம். வெட்டிய அடிமரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. அதைத்தான் பனங்குத்தி என்பார்கள்.

ஜூன் மாதம் சித்ரா போனபோது சாக்கு தயாராக இருந்தது. வாயைப் பிரித்தாள். குப்பென்று வாடை. வலைக் கண்ணியெல்லாம் செதிலும் பாசியும். "கழுவித் தந்தாத்தான் எடுக்க முடியுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூலையில் போனாள். பழனாத்தாள் சலவைத்தூள் போட்டுக் கழுவி வைத்திருந்தாள். ஆனால் நல்ல மழை. உணங்கவில்லை. "ஈரமா இருக்குதே. உணக்கித் தாங்க."

"ஏனுங் அம்மிணி, வானம் காயாம வலை எங்கிருந்துங்க காயும்?"

சித்ராவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தின மாதம்தான், ஒரு சாக்கு அழுக்காக இருந்ததற்காக, குப்பை பிரிக்கும் ஷெட்டில் சூப்பர்வைசர் சிஜு எல்லோர் முன்னாலும் அவளுடைய லோடு முழுவதையும் திருப்பி இறக்க வைத்திருந்தான். பத்துப் பெண்கள் பார்க்க, கொட்டிக் கிடந்ததைக் குனிந்து பொறுக்கினாள். மறக்கக்கூடிய அவமானமா அது?

ஆகஸ்ட்டில் பழனாத்தாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். சித்ராவோடு எப்போதும் வரும் சாந்தம்மாளுக்கு அன்று காய்ச்சல். சித்ரா தனி.

"நாலு மாசமா ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறனுங். இனி எடுக்கலீன்னா மறுக்காக் கல்லைக் கட்டி உட்டுப்போடுவாங்க. நீங்க சொன்னதுதானுங்களே?"

சித்ரா தூக்குத் தராசில் மாட்டினாள். நாலு கிலோ இருநூறு. அடியில் இன்னும் ஈரம். பழனாத்தாள் சாக்கின் வாயை நீலக் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். இரண்டு சுற்று. வாலை உள்ளே விட்டு, திருப்பி ஓர் இழுப்பு.

"இந்த முடிச்சு தண்ணிக்குள்ள கெடந்தாலும் அவுறாதுங் அம்மிணி. பயப்படாமக் கொண்டுபோங்க."

சித்ரா கதவில் போனைக் காட்டினாள். டிங் என்றது. எடுத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன பன்னிரண்டே முக்கால். முதுகில் சொட்டுகிறது. ஷெட்டில் சிஜு நிற்பான். மறுபடியும் கொட்டச் சொல்வான்... மதகு வந்தது. சித்ரா முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். ரோட்டில் கானல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தோளைச் சாய்த்தாள். அவ்வளவுதான்.

தொபுக்.

கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

பதினோரு நாள் கழித்து அந்தச் செய்தி வந்தது. விடிகாலையில் புருஷனும் பெஞ்சாதியும் பரிசலில் போயிருக்கிறார்கள். பனங்குத்திப் பக்கம் ஒரு நீர்க்காகம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. கால் எதிலோ மாட்டியிருக்கிறது. பழனாத்தாள் அதை விடுவிக்கக் குனிந்திருக்கிறாள். பரிசல் சாய்ந்தது. வேல்முருகன் பரிசலைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு அவனைவிட நன்றாக நீந்தத் தெரியும். அதனால் அவன் முதலில் பயப்படவே இல்லை. "அட, வா புள்ள மேல" என்று சிரித்துக்கொண்டு காத்திருந்தானாம்.

அவள் வரவில்லை.

மறுநாள் எடுத்தார்கள். இடுப்புவரைக்கும் வலை. பச்சை நரம்பு வலை, சுற்றிச் சுற்றி... கத்தியால் அறுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வேல்முருகன் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் உட்ட வலைங்க. போன வருசம் கல்லைக் கட்டி நான் உட்டதுங்க. எடுக்கறேன் எடுக்கறேன்னா. நான்தான் சிரிச்சனுங்க."

சாவுக்குப் போயிருந்த சித்ரா அறுத்துப்போட்ட வலைக் குவியலைப் பார்த்தாள். அதற்குள் கிழிந்த உரச் சாக்கு. தண்ணீர் இழுத்துப் போய்க் குத்தியில் மாட்டி வயிறு கிழிந்திருந்தது. அதன் வாயில் நீலக் கயிறு. இரண்டு சுற்று, உள்ளே விட்ட வால், திருப்பி ஓர் இழுப்பு. முடிச்சு அவிழவே இல்லை.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உங்க வலை இல்லீங்க, நான் போட்டதுங்க என்று சொல்லியிருக்கலாம். சித்ராவுக்குப் பத்தாவது படிக்கும் பெண் இருக்கிறாள். வேலை போகும். போலீஸ் வரும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் போல் அழுதாள். அந்த வலைக் குவியலை அன்று சாயங்காலமே யாரோ அணையில் தள்ளினார்கள். கல்லைக் கட்டி.

வேல்முருகன் இனி வலையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வீட்டைப் பூட்டினான். வண்டிப்பெரியாரில் எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை கமலாத்தாளிடம் போய்விட்டான்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி. மத்தியானம். சித்ரா சாப்பிட வீட்டுக்கு வந்தாள். வீட்டு கேட்டில் ஒரு சாக்கு சாய்ந்து நின்றது.

யாராவது வைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். தூக்கினாள். காய்ந்து மொறமொறவென்று இருந்தது. வெயிலில் உணக்கிய துணியின் வாசனை. சலவைத்தூள். அதற்கும் அடியில்... லேசாக... அணைச் சேற்றின் வாசனை. அப்போதுதான் கயிற்றைப் பார்த்தாள். நீலம். இரண்டு சுற்று.

தராசில் மாட்டினாள். எதற்காக மாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு கிலோ இருநூறு.

அன்று அவள் சாப்பிடவில்லை. சாக்கை ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். வேறெங்கே கொண்டுபோவது? சாந்தம்மாள், "எந்த ஊட்டுதுடி இது, இத்தனை சுத்தமா?" என்றாள். சித்ரா சாக்கை சிஜுவின் முன்னால் வைத்தாள். சிஜு முடிச்சை அவிழ்க்க முடியாமல் கயிற்றை அறுத்து, உள்ளே பார்த்தான். பச்சை நரம்பு வலை. சிக்கல் ஒன்றுகூட இல்லாமல், சேலை மடிப்பதுபோல் மடித்திருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"கண்டோ? இங்ஙனே வேணம் தரான். சித்ரச் சேச்சியைக் கண்டு படிக்கணும்."

இப்படித்தான் தர வேண்டும், சித்ராவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறான். எல்லோரும் கைதட்டினார்கள். லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது. சித்ரா லாரியின் பின்னாலேயே மெயின் ரோடு வரைக்கும் போய், அது திரும்பி மறையும் வரை பார்த்தாள்.

அக்டோபர் பன்னிரண்டு. கேட்டில் சாக்கு. நாலு கிலோ இருநூறு.

இந்தத் தடவை கயிற்றை அறுத்துப் பிரித்துப் பார்த்தாள். ஒரு கிழிசல் பின்னப்பட்டிருந்தது. புது நரம்பால், நெருக்கமாக, கண்ணிக்குக் கண்ணி. அதையும் லாரியில் ஏற்றினாள்.

நவம்பர் பன்னிரண்டு. விடிந்ததிலிருந்தே கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. திரும்பி வந்தாள்...

சாக்கு நின்றது. வாசல் சிமெண்டில் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் வெறுங்கால் தடம். ஈரத் தடம். அந்த வெயிலில் அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் காய்ந்து போயிற்று. பிரித்தாள். கயிற்றைத் தொடவில்லை, சாக்கின் ஓரத் தையலைத்தான். வலையில் இனிக் கிழிசலே இல்லை. முழுவதும் பின்னியாயிற்று. புது வலை மாதிரி.

அன்று ராத்திரி இந்துவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். இந்து ஒன்றுதான் சொன்னாள். "அது உங்ககிட்டக் குப்பை குடுக்க வரலீங்க அண்ணி. சொல்ல வேண்டியவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

பொள்ளாச்சி, தேனி, குமுளி. நாலு பஸ். மடியில் சாக்கு. சித்ரா வண்டிப்பெரியாரில் இறங்கி, எஸ்டேட் ஜீப்பில் ஏறி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ஆனால் அங்கே வெயில் இல்லை. மூட்டம் வந்து தேயிலைக்காட்டை மூடியிருந்தது. கீழே எங்கோ பெரியாறு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வேல்முருகன் பாதியாக இளைத்திருந்தான். கமலாத்தாள் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள். வாசல்வரை வந்து சித்ராவின் காதில் சொன்னாள்.

"வந்து மூணு மாசமாச்சுங்க. அண்ணன் ஒரு வார்த்தை பேசாது. சாப்பாட்டத் தட்டுல வெச்சா, தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கும்."

சித்ரா சாக்கை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் முதலில் கயிற்றைத் தொட்டான். முடிச்சின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். பிறகு அவிழ்த்தான். சிஜுவால் முடியாத முடிச்சு அவன் கையில் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. வலையை எடுத்து மடியில் விரித்தான்.

"அவ பின்னல்ங்க இது." நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க... எங்கிருந்துங்க இது?"

இதுதான் அந்த நேரம். இதற்காகத்தான் நாலு பஸ் ஏறி வந்தாள். வாயைத் திறந்தாள்.

"உங்க ஊட்டுப் பின்னால கெடந்துச்சுங்க. எனக்குன்னு கட்டி வெச்சிருப்பாங்களாட்ட இருக்குது. நான்தான்... நான்தான் எடுக்க வரல."

வேல்முருகன் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். "பாரு கமலா, அவ எடுத்துப் பின்னி வெச்சிருக்கறா பாரு. நான் தண்ணியில உட்டே கொன்னேன். அவ எனக்கு வலை பின்னி வெச்சுட்டுப் போயிருக்கறா."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சாயா ஆறிக்கொண்டிருந்தது. கமலாத்தாள் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "நீங்க வந்தது சாமி வந்த மாதிரிங்க. இன்னைக்குத்தான் அது வாயத் தொறந்து பேசுது." பேசுகிறவனின் வாயை இப்போது எதற்கு மூட வேண்டும் என்று சித்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எவ்வளவு சௌகரியமான நியாயம் பாருங்கள்.

கிளம்பும்போது வேல்முருகன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்தான்.

"சும்மா மூலையில போட்டு வெக்கறதுக்கா இத்தனை பின்னியிருக்கறா? இங்க ஆத்துல மீன் இருக்குதுங்க. ஒரு தடவ எறக்கிப் பாக்கறேன்."

"சத்தியம் பண்ணீங்களேங்க" என்றாள் சித்ரா.

"அவளே குடுத்துட்டா. இனி என்னங்க சத்தியம்?"

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி. சித்ரா கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டே முக்கால் வந்தது. ஒன்று ஆனது. இரண்டு ஆனது. ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்று ராத்திரி அவள் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மகளிடம் சிரித்துப் பேசினாள். எல்லாம் முடிந்தது என்று இந்துவுக்குப் போன் பண்ணினாள். "சொல்லிட்டீங்களா அண்ணி?" என்று இந்து கேட்டாள். சித்ரா, "பின்னே?" என்றாள்.

பதினாறாம் தேதி அவளுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். கமலாத்தாளின் புருஷன் பொன்ராஜ்.

"யம்மா, மச்சான் ஆத்துல வலை போடப் போனாக. ரெண்டு நாளா தேடுதோம். துண்டும் செருப்பும் கரையில கெடக்கு. ஆளக் காணல. வலையையும் காணல... நீங்க கொண்டாந்து குடுத்த வலைதாம்மா அது. அதுக்குத்தான் ஒங்களுக்குச் சொல்லணும்னா கமலா."

பின்னால் கமலாத்தாள் அழும் சத்தம் கேட்டது. ஆற்றுச் சத்தமும் கேட்டது. சித்ரா போனைக் கீழே வைத்தாள். துண்டிக்கவில்லை. அது தானாக நிற்கும் வரை ஆற்றுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த ஜனவரி பன்னிரண்டாம் தேதி சித்ராவுக்குத் துணையாக இந்து போய் இருந்தாள். இரண்டு பேரும் கேட்டைவிட்டு நகரவில்லை. பால் பொங்கும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை. இந்து சொல்கிறாள், கண்ணைச் சிமிட்டினேன், அவ்வளவுதான் என்று. சிமிட்டித் திறந்தால் கேட்டில் நிற்கிறது. ஒன்று இல்லை, இரண்டு. இரண்டிலும் நீலக் கயிறு. பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் சாய்ந்து, புருஷனும் பெஞ்சாதியும் பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.

ஒன்று மொறமொறவென்று காய்ந்திருந்தது.

இன்னொன்று சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் உணங்கவில்லை.